1907 என்று அடித்த பயனெட்: கொக்கி நிஜமா, பிறகு ஒட்டியதா?

வட்டவளை மூடுபனி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில ரெண்டு பயனெட் (துவக்குக் கத்தி) விலைக்கு இருக்கு. காசு கொடுக்க முன்ன தெரிஞ்சவங்க சொல்லணும்.

முதலாவது நீளமானது. வெர்னியர், டேப் ரெண்டாலயும் அளந்தேன். மொத்த நீளம் 55.2 சென்ரிமீற்றர், அலகு மட்டும் 43.2. பிடிக்கு மேல இருக்கிற வளையத்தோட உள்விட்டம் 16.5 மில்லிமீற்றர். குறுக்குக் காப்போட (பிடிக்கும் அலகுக்கும் நடுவில குறுக்கா இருக்கிற இரும்பு) கீழ்ப்பக்கம் முன்னால வளைஞ்ச ஒரு கொக்கி இருக்கு. பிடியோட தலைப்பகுதியில பக்கவாட்டில ஒரு சின்ன வட்ட ஓட்டை. அலகோட அடியில ஒரு பக்கம் கிரீடம், ஜி.ஆர்., 1907, அதுக்குக் கீழ 8 '17, பிறகு சாண்டர்சன்னு அடிச்சிருக்கு. மறுபக்கம் அம்புக்குறி, பெருக்கல் குறி, சின்னக் கிரீடங்கள். பிடித்தலையில சி.பி.ஆர்.சி.ன்னு நாலு எழுத்து. தோல் உறை இருக்கு, ஆனா கத்தி உள்ள இறுகி, பாதிதான் வெளியே வருது. அலகு நீளத்தை உறைக்கு வெளியே பிடிச்சுத்தான் கணக்கிட்டேன்.

கடைக்காரர் சொல்றது: இது 1907ல செஞ்சது, தியத்தலாவையில போயர் கைதிகளை (தென்னாபிரிக்கப் போரில பிரித்தானியர்கிட்ட பிடிபட்டவங்க) காவல் காத்த சிப்பாயோடது, கொக்கி இருக்கிறதால அபூர்வம், விலை மூணு மடங்கு.

ரெண்டாவது கத்தியே இல்ல, தடிச்ச ஊசி மாதிரி உருண்டையா இருக்கு. மொத்தம் 25 சென்ரிமீற்றர். கழுத்தில என் 67ன்னு இருக்கு.

எதை நம்பலாம்? எதைச் சோதிக்கணும்? வாங்கினா எப்படிச் சுத்தம் பண்றது?

---

கண்டி உறை

தம்பி, அளவுகளோடு கேட்டது நல்லது. அளவு இல்லாமல் படத்தை மட்டும் போட்டிருந்தால் பாதி பதில் ஊகமாகத்தான் இருக்கும்.

முதலில் அந்த 1907ஐப் பார்ப்போம். புதிதாகச் சேர்ப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. 1907 என்பது செய்த ஆண்டு அல்ல, மாதிரியின் பெயர். குட்டை லீ என்ஃபீல்ட் துவக்குக்காக அந்த ஆண்டில் ஏற்றுக்கொண்ட வடிவம், பிரித்தானியர் அதை 1907 மாதிரி என்றே அழைத்தார்கள். செய்த திகதி அதற்குக் கீழே உள்ள 8 '17, அதாவது 1917 ஓகஸ்ட். சாண்டர்சன் செபீல்டில் இருந்த தயாரிப்பாளர். அதே மாதிரியை வில்கின்சன், சாப்மன், மோல், விக்கர்ஸ், என்ஃபீல்ட் அரச தொழிற்சாலை ஆகியவையும் செய்தன. அமெரிக்காவின் ரெமிங்டனும் முதலாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் ஒரு தொகுதி செய்து கொடுத்தது. உங்கள் 55.2, 43.2, 16.5 மூன்றும் இந்த மாதிரிக்கு அச்சாகப் பொருந்துகின்றன. 17 அங்குல அலகு என்பது 43.2 சென்ரிமீற்றர்தானே.

ஆக தியத்தலாவைக் கதை அங்கேயே உடைகிறது. போயர் கைதிகள் தியத்தலாவைக்கு வந்தது 1900இல், போர் முடிந்தது 1902இல். அந்தக் காவலர்களின் கையில் இருந்திருக்கக்கூடியது 1888 மாதிரி. அது குட்டை: 12 அங்குல அலகு, இருபக்கமும் கூர், நடுவில் முகடு, பிடிப்பலகையைப் பித்தளைத் தறையாணிகள் பிடித்திருக்கும். 1917இல் அடித்த இரும்புக்கும் அந்த முகாமுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

எழுத்துகளை எப்போதும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படியுங்கள். வி.ஆர். என்றால் விக்டோரியா, 1901 வரை. ஈ.ஆர். எட்வர்ட், 1910 வரை. ஜி.ஆர். ஐந்தாம் ஜோர்ஜ், அதற்குப் பிறகு. 1917 திகதிக்கு மேலே ஈ.ஆர். இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். உங்களுடையதில் ஜி.ஆர்., பொருந்துகிறது. மறுபக்கத்து அகன்ற அம்பு அரச படைச் சொத்து என்பதற்கு. பெருக்கல் குறி அலகை வளைத்துப் பார்த்த சோதனையில் தேறியதற்கு. சின்னக் கிரீடத்துக்குக் கீழே ஓர் இலக்கமும் ஓர் எழுத்தும் இருந்தால் அது பரிசோதகரின் முத்திரை. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டுவதுபோல் அடித்திருந்தால் படையிலிருந்து கழித்து விற்றது என்று பொருள். சில அலகுகளில் '24, '26 என்று கூடுதலாக ஆண்டுகள் வரிசையாக இருக்கும். அவை பழுதுபார்த்து மறுபடி வழங்கிய ஆண்டுகள், அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இப்போது கொக்கி. இதில்தான் எனக்குப் பெரிய சந்தேகம். 1907 மாதிரி ஆரம்பத்தில் கொக்கியோடுதான் வந்தது. எதிரியின் அலகைச் சிக்க வைக்கலாம் என்பது எண்ணம். நடைமுறையில் அது உதவவில்லை, பொருள்களில் மாட்டியது. 1913 இறுதியில் பிரித்தானியாவில் கொக்கியை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு பழுதுபார்க்க வந்த பழைய கத்திகளின் கொக்கியையும் வெட்டித் தேய்த்தார்கள். அதனால்தான் கொக்கியோடு தப்பியவை அரிது, அதனால்தான் போலிக் கொக்கியும் வருகிறது. 1917 ஓகஸ்டில் சாண்டர்சன் கொக்கியோடு ஒன்றைச் செய்திருக்க முடியாது. அவுஸ்திரேலியாவின் லித்கோவில் மட்டும் கொக்கி சற்றுப் பிந்திவரை போனது. உங்களுடையது லித்கோ இல்லை.

அந்தச் சின்ன ஓட்டையையும் பாருங்கள். துவக்கில் மாட்டும் பள்ளத்துக்குள் அடையும் மண்ணையும் நீரையும் தள்ளி வெளியேற்ற 1916இல் அதைச் சேர்த்தார்கள். 1917 கத்தியில் அது இருப்பது சரியே. ஆனால் கொக்கியும் ஓட்டையும் ஒரே கத்தியில் சேர்ந்திருப்பது மிக அரிது. கொக்கியை வெட்டாமல் ஓட்டை மட்டும் போட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 1917 திகதியோடு அந்த விளக்கமும் நிற்காது.

என் தீர்ப்பு: அலகும் பிடியும் அசல், கொக்கி பிறகு சேர்த்தது. இதை மேசையில் வைத்து நிரூபிக்கும் முறையை நம் ஊவா பட்டறை அண்ணன் எழுதட்டும், உலோகம் அவருடைய பக்கம்.

---

ஊவா பட்டறை

கொக்கியைச் சோதிக்க மூன்று பொருள் போதும். நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைக்கும் 10 மடங்கு கண்ணாடி, ஒரு சிறிய டோர்ச், ஒரு பருத்தித் துணி. கடையிலேயே செய்யலாம், எதையும் சுரண்டத் தேவையில்லை.

கடையின் பெரிய லைட்டை அணைக்கச் சொல்லுங்கள். டோர்ச்சை மேலிருந்து பிடிக்காமல் பக்கவாட்டில், இரும்புப் பரப்போடு ஒட்டி, ஏறக்குறைய கிடையாகப் பிடியுங்கள். அப்போதுதான் சிறு மேடும் பள்ளமும் நிழல் விழுந்து தெரியும். அசல் கொக்கி குறுக்குக் காப்போடு ஒரே இரும்பாகச் செய்தது. கையால் தடவினால் வளைவு எங்கும் தடங்காமல் போகும், நுனி சின்ன உருண்டையாக முடியும். ஒட்டியதில் மூன்று இடத்தில் காட்டிக்கொடுக்கும். ஒன்று, கொக்கி தொடங்கும் கழுத்தில் நேர்கோடாக அரம் போட்ட கீறல்கள். அரம் ஓடியது அந்த ஓர் அங்குலத்தில் மட்டும் இருக்கும், மற்ற இடத்தில் பழைய தேய்மானம். இரண்டு, நிறம். காஸ் சூட்டில் பற்றவைத்தால் பழைய கறுப்புப் பூச்சு சுற்றிலும் போய்விடும், பிறகு கறுப்பு மருந்து பூசி மறைப்பார்கள். அது நீலம் கலந்த கறுப்பாக, பக்கத்திலுள்ள பழுப்புக் கறுப்போடு சேராமல் நிற்கும். மூன்று, பித்தளை வைத்துப் பற்றியிருந்தால் பொருத்தில் தலைமுடி தடிப்பில் ஒரு மஞ்சள் கோடு. அதை மேல்பக்கத்தில் தேடாதீர்கள், மேலே தேய்த்து மறைத்திருப்பார்கள். கொக்கியின் உள்வளைவில், கைவிரல் போகாத மூலையில் பாருங்கள். அங்கே அரம் போகாது.

அடுத்தது அந்த நாலு எழுத்து. சி.பி.ஆர்.சி. என்றால் சிலோன் தோட்டத்துரைமார் துவக்குப் படை. 1900இல் தொடங்கி 1949இல் கலைத்தார்கள், தலைமையகம் கண்டியில். அதன் ஒரு பிரிவு 1914இல் எகிப்துக்கும் 1915இல் கலிபோலிக்கும் போனது. எனவே 1917 கத்தியொன்று அந்தப் படையில் இருந்திருப்பது காலக் கணக்கில் நடக்கக்கூடியதே. அதனால்தான் இந்த எழுத்து ஆபத்தானது. கதை பொருந்துகிறது என்பதற்காக எழுத்து அசலாகிவிடாது. நாலு எழுத்து அச்சும் ஒரு சுத்தியலும் எந்தப் பட்டறையிலும் இருக்கும்.

முத்திரையை எப்படிப் பார்ப்பது? அச்சை இரும்பில் அடிக்கும்போது உலோகம் எங்கேயும் போவதில்லை, பக்கத்துக்கு ஒதுங்கும். எழுத்தின் கரையில் மிக மெல்லிய மேடு எழும்பும். நூறு ஆண்டு கைபட்டால் அந்த மேடு தேய்ந்து மொழுமொழுப்பாகிவிடும். புதிதாக அடித்ததில் நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கும். லேசரால் வெட்டியதில் மேடே இருக்காது, பள்ளத்தின் அடி தட்டையாகவும் கருகியதாகவும் இருக்கும். இன்னும் உறுதியான சாட்சி துருக்குழி. பிடித்தலையில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும் அல்லவா? எழுத்து பழையதென்றால் துரு எழுத்துக்குப் பிறகு வந்தது, குழி எழுத்தின் கரையையும் அரித்து உள்ளேயும் இறங்கியிருக்கும். எழுத்து புதியதென்றால் குழியின் மேலேயே அச்சு அமுக்கியிருக்கும், குழியின் பாதி நசுங்கி மூடியிருக்கும். இந்த ஒன்றைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. எழுத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்து வையுங்கள், கண்ணுக்குப் படாத வடிவமும் தாளில் வரும்.

துருவின் நிறத்தையும் கேளுங்கள். இயற்கையாக வந்த பழைய துரு கரும்பழுப்பு, இறுகியது, துணியில் ஒட்டாது, கை பிடிக்கும் இடத்தில் குறைவாகவும் மூலையில் கூடுதலாகவும் இருக்கும். நவச்சாரம், உப்பு, வினாகிரி போட்டு வரவழைத்த துரு செம்மஞ்சள், எல்லா இடத்திலும் ஒரே அளவு, வெள்ளைத் துணியில் பொடியாக வரும்.

அலகு முழுசா என்பதையும் பாருங்கள். நம் மலைநாட்டில் இது முக்கியம், ஏனென்றால் நல்ல உருக்கு என்பதால் இப்படிப்பட்ட கத்திகளை வெட்டி, தேய்த்து, வேலைக் கத்தி ஆக்கியவர்கள் உண்டு. நீள்பள்ளத்தைக் கவனியுங்கள். 1907 மாதிரியில் இருபக்கமும் ஓடும் பள்ளம் ஏறத்தாழ 12 அங்குலம்தான், நுனிக்குப் பல சென்ரிமீற்றர் முன்பே வட்டமாக முடியும். பள்ளம் நுனிவரை ஓடினால் அலகை யாரோ வெட்டியிருக்கிறார்கள். ஆனால் உடனே கழித்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலை இதே கத்திகளை 12 அங்குலத்துக்கு வெட்டி அதிகாரபூர்வமாகவே வழங்கியது. ஆர்.எஃப்.ஐ. (இஷாப்பூர் துவக்குத் தொழிற்சாலை) முத்திரையும் ஒழுங்கான சமச்சீர் நுனியும் இருந்தால் அது தனி வகை, அதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கவ்வாத்துக் கத்தியாக (தேயிலைச் செடி வெட்டும் கத்தி) மாற்றியது என்றால் நுனி ஒருபக்கம் சாய்ந்திருக்கும், கூர் சாணைக்கல்லில் தீட்டி அலையலையாக இருக்கும்.

முழுநகல் விஷயத்தில் ஒரு வரி. வார்ப்பில் செய்த நகலில் குறுக்குக் காப்பின் நடுவில் அச்சுக் கோடு தெரியும், வளையம் 16.5க்குப் பொருந்தாது, பிடித்தலையின் அழுத்துப் பொத்தான் தளர்ந்து ஆடும். அசலில் வால்நட் பலகையை இரண்டு திருகாணி பிடிக்கும், ஒரு பக்கம் நேர்வெட்டுத் தலை, மறுபக்கம் நட், இரண்டும் மரத்தோடு சமமாக. நட்சத்திர வெட்டுத் திருகாணி இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

---

தலவாக்கலை 22

ரெண்டாவதைப் பத்தி யாரும் சொல்லல, அதனால நான் சொல்றேன். அது நாலாம் இலக்கத் துவக்குக்கு (ரெண்டாம் உலகப் போர்க்கால லீ என்ஃபீல்ட்) வந்த ஊசிப் பயனெட். அலகு 8 அங்குலம், மொத்தம் 10 அங்குலம், உங்க 25 சென்ரிமீற்றர் சரி. என் 67ங்கிறது சிங்கர் கம்பனியோட போர்க்காலக் குறி. ஆமா, நம்ம வீடுகள்ல இருக்கிற அதே தையல் மெசின் சிங்கர், ஸ்கொட்லாந்தில கிளைட்பேங்க் தொழிற்சாலை.

இதுல அபூர்வமானது முதல் வகை. அதோட ஊசி உருண்டை இல்ல, குறுக்கே பார்த்தா கூட்டல் குறி மாதிரி நாலு பக்கமும் பள்ளம் வெட்டியிருக்கும். தொகையாச் செஞ்சது சிங்கர் மட்டும்தான், கிட்டத்தட்ட 75,000. உங்களோடது உருண்டை, அதாவது ரெண்டாம் வகை. இலட்சக்கணக்கில வந்தது. நுனி ஊசி மாதிரி கூர் இல்லாம, ஸ்க்ரூட்ரைவர் மாதிரி தட்டையா முடியணும். கூரா இருந்தா யாரோ தீட்டியிருக்காங்க. யாராவது கூட்டல் குறி ஊசியை நீட்டி, அதில கனடாவோட எல்.பி. குறியோ அமெரிக்க சாவேஜோட எஸ் குறியோ இருந்தா, உருண்டையை மில்லிங் மெசின்ல வெட்டினதுன்னு எடுத்துக்கங்க.

மலைநாட்டில இந்த வகை கிடைக்கிறது ஆச்சரியம் இல்ல. 1944 ஏப்ரல்ல மவுண்ட்பேட்டனோட தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கே வந்துச்சு. ஆனா அதை வச்சு "மவுண்ட்பேட்டன் காவலரோடது"ன்னு விலை கேட்டா கொடுக்காதீங்க. ஊசியை ஊசி விலைக்கு வாங்குங்க.

சுத்தம் பண்றதுக்கு: எலுமிச்சம்பழத்தை வெட்டி உப்புத் தொட்டுத் தேய்ச்சா அரை மணியில பளபளன்னு ஆகும்.

---

கண்டி உறை

தலவாக்கலைத் தம்பி, ஊசியைப் பற்றி எழுதியது முழுவதும் சரி. எலுமிச்சை மட்டும் வேண்டாம், தயவுசெய்து அதை யாரும் செய்ய வேண்டாம். அமிலம் துருவை மட்டும் தேடித் தின்னாது. நல்ல இரும்பையும் பழைய கறுப்புப் பூச்சையும் சேர்த்துத் தின்னும். முத்திரைகளின் கரை போய்விடும், பரப்பு சாம்பல் நிறமாகச் செத்துப்போகும். உப்பு அதைவிட மோசம். குழிக்குள் இறங்கிய உப்பு அடுத்த மழைக்காலத்தில் மறுபடி துருவை எழுப்பும். கம்பிச் சக்கரமும் மணல் தாளும் அப்படித்தான். பளபளப்பான 1917 கத்தி என்பது பாதி விலை போன கத்தி.

உறைக்குள் இறுகியதை முதலில் கவனிப்போம், அவசரத்தில் அதிகம் உடைவது அங்கேதான். பிடியை வைசில் இறுக்கி இழுக்காதீர்கள். மேல்வாய் இரும்பிலிருந்து தோல் கிழியும், பின்பக்கத் தையல் பிரியும், கீழ்நுனி இரும்பு கழன்று கத்தியோடு வரும். காரணம் பெரும்பாலும் இரண்டு. ஈரத்தில் தோல் ஊதி அலகை இறுக்கியிருக்கும், அல்லது தோலைப் பதனிட்ட அமிலத்தால் அலகு துருப்பிடித்துத் தோலோடு ஒட்டியிருக்கும். முதலில் உலர விடுங்கள். மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் 300 கிராம் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு மூன்று வாரம். அடுப்படியிலோ வெயிலிலோ காய வைத்தால் தோல் பிஸ்கட்போல் நொறுங்கும். பிறகு வாய்ப்பக்கம் இரண்டு துளி தையல் மெசின் எண்ணெய், ஒரு நாள் பொறுத்து, நேராக இழுங்கள். முறுக்க வேண்டாம். வந்துவிட்டால் மறுபடி உள்ளே போடாதீர்கள், உறையையும் கத்தியையும் எப்போதும் தனித்தனியாக வையுங்கள்.

உறையில் வேறு தயாரிப்பாளரின் பெயரோ வேறு ஆண்டோ இருந்தால் கவலைப்படத் தேவையில்லை. பிரித்தானியர் கத்திக்கும் உறைக்கும் ஒரே இலக்கம் அடிப்பதில்லை. ஜெர்மன் மௌசர் கத்தியென்றால் கதை வேறு, அங்கே இரண்டிலும் ஒரே இலக்கம் இருந்தால்தான் முழு மதிப்பு.

அலகுக்கு: மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு நாள் வையுங்கள், மரமும் தோலும் படாமல். நான்கு பூச்சிய (0000) நுண் இரும்புக் கம்பளியில் எண்ணெய் தொட்டு, அலகின் நீளவாக்கில் மட்டும், அழுத்தாமல். செம்மஞ்சள் பொடி போனால் போதும். அடியிலுள்ள கரும்பழுப்பு கத்தியின் வயது, அதைத் தொடாதீர்கள். துடைத்து, ஹெயார் டிரையரில் இளஞ்சூடாக்கி, நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகப் பூசுங்கள். தேங்காயெண்ணெய் பூசும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அது 24 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியாக் குளிரில் வெள்ளையாகக் கட்டிப்பட்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும், நாளாக நாளாகக் கசந்து அமிலமாகும். இரும்புக்கு அது ஆகாது.

மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் நாலைந்து துளி, கையால் தேய்த்து, பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது. காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு, அல்லது நீரில் நனைத்துப் பிறகு எறியுங்கள். பிடியின் திருகாணியைக் கழற்றும் ஆசையை அடக்குங்கள். வெட்டுக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூட்ரைவர் ஒரே திருப்பில் தலையைச் சிதைத்துவிடும், அதைப் பார்ப்பவர்கள் முழுக் கத்தியையும் சந்தேகிப்பார்கள்.

தோலில் வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் வெளியில் வைத்து, முகக்கவசத்தோடு, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். எண்ணெய் வேண்டாம். எண்ணெய் தையல்நூலை இளக்கும்.

---

வட்டவளை மூடுபனி

மறுபடி கடைக்குப் போயிட்டு வந்தேன். அண்ணன் சொன்ன மாதிரி லைட்டை அணைச்சு டோர்ச்சைப் பக்கத்தில பிடிச்சேன். கொக்கியோட உள்வளைவில, குறுக்குக் காப்பைத் தொடுற மூலையில மெல்லிய மஞ்சள் கோடு தெளிவாத் தெரியுது. கழுத்தில அரக் கீறல் நேரா இருக்கு. பிடித்தலை எழுத்தில சி, பி ரெண்டும் துருக்குழி மேலயே உட்கார்ந்திருக்கு, பி எழுத்துக்குள்ள ஒரு குழி பாதி நசுங்கியிருக்கு. அலகில 1907, 8 '17 எழுத்தைத் தடவினா மொழுமொழுப்பு. அம்பு முனைக்கு முனை முட்டல, ஒரே அம்புதான்.

கடைக்காரர் சாதாரண 1917 விலைக்கு இறங்கி வந்துட்டார், ஊசியும் சேர்த்து. வாங்கலாமா? வாங்கினா அந்தக் கொக்கியை வெட்டி எடுத்து அசல் வடிவத்துக்குக் கொண்டு வரலாமா? இங்க மழை நிக்கிறதே இல்ல, எங்க வைக்கிறது?

---

ஊவா பட்டறை

அந்த விலைக்கு வாங்குங்க. 1917 சாண்டர்சன் அலகு, முத்திரைகள் முழுசாக, வெட்டாத நீளம், ஓட்டை சரியான காலத்தது. இதுவே நல்ல பொருள்.

கொக்கியை வெட்ட வேண்டாம். பித்தளைப் பற்றை எடுக்க மறுபடி சூடு காட்ட வேண்டும், அந்தச் சூடு குறுக்குக் காப்பின் மிச்சக் கறுப்பையும் கொண்டுபோகும். இரும்பறுக்கும் வாளால் அறுத்தால் கீழ்நுனியில் புதிய வெள்ளை வெட்டு வரும், அசல் வட்ட நுனி திரும்ப வராது. எழுத்துகளையும் தேய்த்து அழிக்காதீர்கள், பிடித்தலை மெலியும். இருப்பதை அப்படியே வைத்து, என்ன செய்திருக்கிறார்கள் என்பதை எழுதி வைப்பதுதான் சரி.

வைக்கும் இடம்: சுவரில் மாட்டாதீர்கள், கல்வீட்டுச் சுவர் ஈரம் கக்கும். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, அந்த மாதங்கள்தான் ஆபத்து. பதுளை, பண்டாரவளை ஆட்களுக்கு அது வடகீழ்க் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை. மூடி இறுகிய நீளப் பெட்டி, உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. உலோகத்துக்கு 50 வீதத்துக்குக் கீழே வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் ஓவனில் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் உலர்த்தித் திரும்பப் போடலாம். பெட்டியில் செய்தித்தாள் சுற்ற வேண்டாம், அது ஈரத்தையும் அமிலத்தையும் தரும். பருத்தித் துணி போதும். வெறுங்கையால் அலகைத் தொட்டால் அன்றே துடைத்துவிடுங்கள், வியர்வை உப்பு இரண்டு நாளில் விரல் ரேகையாகத் துருவேறும்.

---

கண்டி உறை

எழுதி வைப்பதைப் பற்றி. சின்ன அட்டையில், பென்சிலால் (மை ஈரத்தில் ஓடும்): 1907 மாதிரி, சாண்டர்சன், 1917 ஓகஸ்ட், மொத்தம் 55.2, அலகு 43.2, வளையம் 16.5 மில்லிமீற்றர். அதற்குக் கீழே: கொக்கி பின்னாளில் பித்தளையால் ஒட்டியது, பிடித்தலை எழுத்து பின்னாளில் அடித்தது. வாங்கிய திகதி, ஊர். பருத்தி நூலில் பிடியோடு கட்டுங்கள், உலோகக் கம்பியில் வேண்டாம். கொக்கி மூலையை நெருங்கி எடுத்த படமும் பென்சில் உரசல் தாளும் அதே பெட்டியில். நாளை உங்கள் பிள்ளைகளோ வேறு ஒருவரோ கையில் எடுக்கும்போது, கொக்கியைக் காட்டி மூன்று மடங்கு விலை சொல்ல யாராலும் முடியாது.

பஸ்ஸில் கொண்டுவரும்போது துணியில் சுற்றி, பெட்டியில் பூட்டி, கடை ரசீதோடு வாருங்கள். ரசீதில் "பழைய பயனெட், சேகரிப்புக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் முதலில் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்பும் எண்ணம் எப்போதாவது வந்தால், பழம்பொருள் என்ற வகைக்குள் வருமா, ஏற்றுமதி அனுமதி வேண்டுமா என்று தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேட்ட பிறகே பொதி கட்டுங்கள்.

உறையிலிருந்து கத்தி வெளியே வந்ததும் அலகின் உறைக்குள் இருந்த பாதியின் படத்தைப் போடுங்கள். துரு ஆழமாக இறங்கியிருந்தால் மண்ணெண்ணெய் ஒரு நாள் போதாது, மூன்று நாள் வைக்க வேண்டியிருக்கும்.